ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு: மோனோபாட் கேள்வி பதில்

கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் கம்பான மோனோபாட் பற்றி யார் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். நான் அதிகம் எடுப்பது பறவைகளும் விளையாட்டும். வீடியோ ஓரளவு தெரியும். லைட்டிங், டிரோன் என்று யாராவது ஆரம்பித்தால் கண்டுகொள்ள மாட்டேன்.

புதுக்கேமரா: அண்ணா, வீட்ல ட்ரைபாட் இருக்கு. அப்புறம் மோனோபாட் எதுக்கு?

இரவுக் காட்சி, நீண்ட எக்ஸ்போஷர், நீங்களும் படத்தில் நிற்க வேண்டும் என்றால் ட்ரைபாடே போதும், இதற்குச் செலவு செய்யாதீர்கள். மோனோபாட் செய்வது இரண்டே வேலை. கேமராவின் எடையைக் கையிலிருந்து தரைக்கு இறக்குகிறது. மேல்-கீழ் ஆட்டத்தைக் கிட்டத்தட்ட நிறுத்துகிறது. பக்கவாட்டு ஆட்டமும் முன்-பின் சாய்வும் அப்படியே இருக்கும். அவற்றை நிறுத்த வேண்டியவை உங்கள் இரண்டு கால்கள். மோனோபாட் நுனியை ஓர் அடி முன்னால் ஊன்றி, கால்களை அகட்டி, கொஞ்சம் உடலைச் சாய்த்து நின்றால் மூன்று கால் கணக்கு வந்துவிடும். கூட்டத்துக்குள் நுழையலாம், இரண்டு நொடியில் இடம் மாறலாம். ட்ரைபாடால் முடியாதது அதுதான்.

பறவைப்பித்தன்: 150-600 லென்ஸ், கேமராவோடு மூணு கிலோ வரும். என் உயரம் 170 செ.மீ. எத்தனை செக்‌ஷன், எவ்வளவு உயரம், கார்பனா அலுமினியமா?

ஒருவழியாகச் சரியான கேள்வி. உட்கார்ந்து படியுங்கள்.

உயரத்தில் ஆரம்பிப்போம். உங்கள் கண் மட்டம் ஏறக்குறைய 158-160 செ.மீ. இருக்கும். கேமராவும் ஹெட்டும் (மோனோபாடுக்கும் கேமராவுக்கும் நடுவில் வரும் மூட்டு) மேலே 15 செ.மீ. சேர்த்துவிடும், எனவே 145 போதும் என்று கணக்குப் போடுவார்கள். நேராக எதிரே பார்க்கும்வரை அந்தக் கணக்கு சரி. ஆனால் பறவை மரத்தில் இருக்கிறது. லென்ஸின் பாதம் (அடியில் இருக்கும் தாங்கி) ஹெட்டில் பூட்டியிருக்கும்போது வியூஃபைண்டர் அந்த மூட்டுக்கு 25 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸை 40 டிகிரி மேலே தூக்கினால் வியூஃபைண்டர் 16 செ.மீ. கீழே இறங்கும். குனிந்தே அரை மணி நேரம் நின்றால் முதுகு சொல்லும். மோனோபாடைச் சரிவில், பள்ளத்தில் ஊன்றினால் இன்னும் கொஞ்சம் குறையும். அதனால் மோனோபாட் தனியாகவே, ஹெட் இல்லாமல், உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். அதிகமானால் சுருக்கலாம். குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து தடிமன். விளம்பரத்தில் இதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள், எனக்கோ முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். குழாயின் சுவர் ஒரே கனமாக இருந்தால், அது வளையாமல் நிற்கும் விறைப்பு விட்டத்தின் முப்படியாக ஏறும். 24 மி.மீ. குழாயை விட 36 மி.மீ. குழாய் மூன்று மடங்குக்கு மேல் விறைப்பு. ஒன்றுக்குள் ஒன்று செருகும் குழாய்களைத்தான் செக்‌ஷன் என்கிறோம். செக்‌ஷன் கூடக் கூட அடியில் வரும் குழாய் மெலிந்துகொண்டே போகும். ஐந்து, ஆறு செக்‌ஷன் உள்ளவை பைக்குள் அழகாக அடங்கும். கடைசிக் குச்சி பென்சில் மாதிரி ஆடும். உங்கள் லென்ஸுக்கு நான்கு செக்‌ஷன், மேல் குழாய் 32 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். நீட்டும்போது தடித்த பகுதிகளை முதலில் நீட்டி, மெலிந்த கடைசிப் பகுதியை முடிந்தவரை உள்ளேயே வைத்திருங்கள்.

கார்பன் எடை குறைவு, அதிர்வைச் சீக்கிரம் அடக்கும், குளிரில் கையைக் கடிக்காது. அலுமினியம் அடிபட்டால் நசுங்கும். கார்பன் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். இரண்டும் படம் எடுக்கும். பணம் குறைவென்றால் மெலிந்த கார்பனை விடத் தடித்த அலுமினியமே மேல்.

நிழல்வேட்டை: பெட்டியில் 10 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. நம்பலாமா சார்?

நான் முதலில் வாங்கியதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. மூன்று கிலோவுக்கே இரண்டாவது பூட்டு வழுக்கிச் சரசரவென்று இறங்கியது. லென்ஸைத் தொடையால் தாங்கிப் பிடித்தேன். அந்த எண் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குச் சோதித்துப் போடுவது. எவ்வளவு வளையும் என்பதை அது சொல்வதே இல்லை.

நீங்களே சோதியுங்கள். முழுக்க நீட்டி, எல்லாப் பூட்டையும் இறுக்கி, கேமரா மாட்டாமல், இரண்டு கையாலும் மேலிருந்து உங்கள் எடையைப் போட்டு அழுத்துங்கள். ஒரு மி.மீ. இறங்கினாலும் வேண்டாம். வாங்கிய பிறகும் ஒவ்வொரு முறை நீட்டும்போதும் இதைச் செய்யுங்கள். திருகுப் பூட்டோ, நெம்புப் பூட்டோ, அழுத்திப் பார்க்காமல் கேமராவை மாட்டாதீர்கள்.

ஓட்டப்பந்தயம்: என்ன ஹெட் போடுவது? ட்ரைபாடில் இருக்கும் பால் ஹெட்டையே மாட்டலாமா?

மாட்டலாம், திருகு பொருந்தினால். மோனோபாட் உச்சியில் பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகு. கேமராவின் அடியில் 1/4 அங்குலம்.

ஆனால் கனமான லென்ஸுக்குப் பால் ஹெட் வேண்டாம். உருண்டை மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் ஹெட் அது, குமிழ் தளர்ந்தால் லென்ஸ் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழும். ஒருமுறை என் கட்டைவிரல் நடுவில் மாட்டிக்கொண்டது, நகம் கறுத்து இரண்டு மாதம் கழித்துத்தான் தேறியது. லென்ஸில் காலர் (லென்ஸைச் சுற்றிய, பாதம் உள்ள வளையம்) இருந்தால் நின்றவாக்கு, கிடைவாக்கு இரண்டையும் காலரே சுழற்றிக் கொடுக்கும். பக்கவாட்டில் திரும்ப மோனோபாடையே திருப்பலாம். மிச்சம் மேல்-கீழ் ஒன்றுதான். அதற்கு ஒரே திசையில் மட்டும் சாயும் டில்ட் ஹெட் போதும்.

வெள்ளிக்கம்பி: எந்த பிராண்ட் பெஸ்ட்?

மேலே அழுத்திப் பார்க்கச் சொன்னேனே, அதில் தேறும் பிராண்ட்.

அசையும்படம்: நிகழ்ச்சிகளுக்கு வீடியோ எடுக்கிறேன். அடியில் மூணு சின்னக் கால் உள்ள மோனோபாட் பார்த்தேன். அது ட்ரைபாடுக்குப் பதிலாகுமா?

ஆகாது. அந்தக் குட்டிக் கால்கள் இருப்பது அடிமூட்டுக்காக. அந்த மூட்டில் சிலவற்றில் ஃப்ளூயிட் அமைப்பு (அசைவைச் சீராக்கும் கெட்டித் திரவம்) இருக்கும். மோனோபாடை முழுதாகத் திருப்பினால் பேன் (பக்கவாட்டில் திருப்பும் ஷாட்) வழுக்கிக்கொண்டு வரும். வீடியோவுக்கு அதுவே பெரிய லாபம். வெறும் ரப்பர் நுனியில் பேன் செய்தால் விட்டுவிட்டு வரும், பக்கவாட்டில் படகு மாதிரி ஆடும். மேலே ஒரு சின்ன ஃப்ளூயிட் ஹெட் சேர்த்தால் மேல்-கீழ் நகர்வும் சீராகும்.

இன்னொரு வித்தை: கால்களைத் தரையில் வைத்து மோனோபாடைப் பின்னால் சாய்த்து, மெதுவாக முன்னால் கொண்டுவாருங்கள். மூன்று நான்கு நொடிக்கு ஸ்லைடர் (கேமராவை நகர்த்தும் சின்னத் தண்டவாளம்) போட்ட மாதிரி ஷாட் கிடைக்கும். அதற்கு மேல் இழுத்தால் வில்லாக வளைந்து மேலேறுவது தெரிந்துவிடும்.

கையை எடுக்காதீர்கள். "ஒரு நிமிஷம் தானாக நிற்கும்" என்று விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவர்களின் கேமராக்களைப் பார்த்திருக்கிறேன்.

சுயபடம்: என் மோனோபாடில் பட்டன் இருக்கு, ஆனா மூணடிதான் நீளுது. ரிப்பேரா?

அது செல்ஃபி ஸ்டிக். சில கடைகளில் அதையும் மோனோபாட் என்றே விற்கிறார்கள்.

கணக்கன்: மன்னிக்கணும், இந்தப் பேச்செல்லாம் பழசு. இப்போ கேமரா பாடியிலேயே 8 ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) வருது. 500 எம்.எம்.மில் 1/500 நொடிக்குப் பதிலா அரை நொடி கையிலேயே எடுக்கலாமே. கம்பை ஏன் சுமக்கணும்?

கணக்கு சரிதான். ஒரு ஸ்டாப் என்றால் நேரம் இரண்டு மடங்கு, 8 ஸ்டாப் என்றால் 256 மடங்கு. ஆனால் அந்த 8 எங்கே அளந்தது? ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபா வகுத்த முறையில், கேமராவை ஆட்டும் ஒரு மேஜை மேல், குறிப்பிட்ட லென்ஸோடு. நீண்ட காலம் மேல்-கீழ், இட-வலக் கோண அசைவை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். சுழல் அசைவு சேர்ந்தது 2024 திருத்தத்தில்தான்.

கேமரா பாடியில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் சென்சாரை நகர்த்தித்தான் ஆட்டத்தைச் சரிக்கட்டுகிறது. அது நகர்வதற்கும் எல்லை உண்டு. கேமரா அரை டிகிரி ஆடினால் 50 எம்.எம். லென்ஸில் பிம்பம் 0.44 மி.மீ. நகரும், 500 எம்.எம்.மில் 4.4 மி.மீ. அவ்வளவு தூரம் சென்சார் ஓடாது. அதனால்தான் நீண்ட லென்ஸ்களில் லென்ஸுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் (ஐ.எஸ்.) வைக்கிறார்கள்.

கணக்கன்: சரி, லென்ஸ் ஐ.எஸ்.ஸையும் சேர்த்துக்கோங்க. அப்புறம்?

அப்புறம் அரை நொடிக்குப் பறவை சிலையாக நிற்க வேண்டும். எந்த ஸ்டெபிலைசேஷனும் பறவையின் அசைவை நிறுத்தாது.

கணக்கன்: அப்போ பறக்கிற பறவைக்கு 1/2000 வைப்பீங்க. அந்த வேகத்தில் கை நடுக்கமே படத்தில் தெரியாது. மோனோபாடும் வேண்டாம்னு ஆகுதே!

மாட்டிவிட்டீர்கள். நடுக்கத்துக்கு மட்டும் என்றால் 1/2000இல் தேவையில்லை, உண்மை. ஆனால் மூன்று கிலோவைத் தூக்கியபடி இருபது நிமிடம் காத்திருந்து பாருங்கள். பறவை கிளம்பும் நொடியில் உங்கள் கை தாழ்ந்திருக்கும். முகத்துக்கு நேரே எடை தாங்கி நிற்கும் லென்ஸ்தான் தயாராக இருக்கும். மைதானத்து ஓரத்தில் விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் வரிசையாக ஒற்றைக்காலோடு உட்கார்ந்திருப்பது இதற்காக. கேனனின் பழைய 400 எம்.எம். எஃப்/2.8 ஐ.எஸ். 5.37 கிலோ. மூன்றாம் பதிப்பில் 2.84க்கு இறக்கிவிட்டார்கள், அப்படியும் கம்பை யாரும் தூக்கிப்போடவில்லை.

பறவைப்பித்தன்: நடுவில் புகுறேன். தலைக்கு மேலே வட்டமிடும் பருந்துக்கு மோனோபாட் இடைஞ்சல்தான். நான் கழற்றி வச்சுட்டேன்.

ஒப்புக்கொள்கிறேன். தலைக்கு மேலே பறப்பதற்குக் கையில் பிடியுங்கள். கணக்கனுக்கும் பாதி வெற்றி தருகிறேன்: ஒரு கிலோவுக்குள் அடங்கும் லென்ஸ், புதுக் கேமரா, நடந்துகொண்டே எடுக்கும் பழக்கம் என்றால் மோனோபாட் வெறும் சுமை. இரண்டு கிலோவைத் தாண்டினால் என்னிடம் வந்து பேசுங்கள்.

கணக்கன்: என்னோடது 900 கிராம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி.

அமைதியானவள்: மோனோபாடில் இருக்கும்போது ஐ.எஸ்.ஸை அணைக்கணுமா? ட்ரைபாடில் அணைக்கச் சொல்றாங்களே.

அணைக்க வேண்டாம். மோனோபாடில் ஆட்டம் மிச்சம் இருக்கிறது, அதற்கு வேலை உண்டு. நிக்கான் தன் லென்ஸ் கையேடுகளிலும் மோனோபாடில் வி.ஆர். (ஐ.எஸ்.ஸுக்கு அவர்கள் வைத்த பெயர்) போட்டே வைக்கச் சொல்கிறது. ஓடுபவரைத் தொடர்ந்து திருப்பி எடுத்தால் பேனிங் மோடுக்கு மாற்றுங்கள்.

மணல்மேடு: கடற்கரையில் எடுத்த பிறகு திருகும்போது கரகரன்னு சத்தம் வருது. எண்ணெய் விடலாமா?

விடவே விடாதீர்கள், பூட்டு வழுக்கும். எல்லாப் பகுதியையும் கழற்றி, நல்ல தண்ணீரில் மணலையும் உப்பையும் அலசி, முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் அழுத்திப் பாருங்கள்.

குறும்படம்: கார்பன் நல்லதா, அலுமினியம் நல்லதா?

மேலே.

கைப்பேசிக்கலை: போனுக்கு மோனோபாட் பயன்படுமா?

போட்டோவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நீண்ட நேர வீடியோவுக்கு உண்டு. 1/4 அங்குலத் துளை உள்ள கிளாம்ப் ஒன்று போதும்.

ஊர்சுற்றி: பெஸ்ட் பிராண்ட் சொல்லுங்க ப்ளீஸ்.

மேலே. ரொம்ப மேலே.

நிழல்வேட்டை: சார், நீங்க சொன்னபடி கடையில் முழுக்க நீட்டி அழுத்தினேன். நாலு விரல் இறங்கிடுச்சு. கடைக்காரர் முறைக்கிறார்.

திரும்ப அவர் கையிலேயே கொடுங்கள். அடுத்ததை எடுத்து அழுத்துங்கள்.