லிப்கிளாங்கில் மறைமுக வகைமாற்றம் தெரியவில்லை: ப்ளகினா, லிப்டூலிங்கா?

நிரலில் எழுதாமலே கம்பைலர் தானாகச் செய்யும் வகைமாற்றங்களைப் பைத்தானில் லிப்கிளாங் வைத்துத் தேடினால் கிடைக்கவில்லை, கிளாங் கம்பைலருக்கு ப்ளகின் எழுதுவதா, லிப்டூலிங்குக்கு மாறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். லிப்டூலிங்குக்கு மாறுங்கள்; அது கிளாங்கை வைத்துத் தனிக் கருவிகள் எழுதுவதற்கான சி பிளஸ் பிளஸ் நூலகம். ப்ளகின் என்பது கம்பைலருக்குள் செருகும் துணை நிரல், கம்பைலோடு சேர்ந்தே ஓடும்; பிழை கண்டால் பில்டை நிறுத்த வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. நீங்கள் கேட்பது தனியாக ஓடி அறிக்கை தரும் கருவி.

மறைமுக வகைமாற்றங்கள் எல்லாம் 'அன்எக்ஸ்போஸ்டு எக்ஸ்பிரஷன்' (வகை காட்டப்படாத கோவை) என்று வருவது உங்கள் பைத்தான் நிரலின் தவறே இல்லை. லிப்கிளாங் தொடரியல் மரத்தை (கம்பைலர் நிரலின் அமைப்பைக் கிளை கிளையாக வைத்திருக்கும் வடிவம்) முழுதாகத் திறந்து காட்டுவதில்லை. பதிப்பு மாறினாலும் உடையாத எளிய சி இடைமுகம் அது. பெயர் தேட, குறிப்புகளைத் தொடர அது போதும், உங்கள் வேலைக்குப் போதாது.

மாறுவதற்கு முன் ஒரே ஒரு கோப்பைக் கிளாங்கின் ஏஎஸ்டி டம்ப் தெரிவோடு (அந்த மரத்தை அப்படியே அச்சிடும்) ஓட்டிப் பாருங்கள். 'இம்ப்ளிசிட் காஸ்ட் எக்ஸ்பிரஷன்', அதாவது மறைமுக வகைமாற்றம், என்ற வரிகள் அதில் இருந்தால் லிப்டூலிங்கிலும் அவை கிடைக்கும்.

ஒன்று கவனம்: லிப்டூலிங்கின் சி பிளஸ் பிளஸ் இடைமுகம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கிளாங் அடங்கிய எல்எல்விஎம் தொகுப்பின் ஒரே பதிப்பில் நில்லுங்கள். பில்டை அமைக்கும் கருவியான சிமேக்கில், ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்று சொல்லும் கம்பைல் கமாண்ட்ஸ் கோப்பையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஓட்டினால் ஹெடர் கிடைக்கவில்லை என்ற பிழை வரக்கூடும்.