மூன்று குடைகளும் ஒரு ரெட் அலர்ட்டும்

அன்புள்ள சார்,

டிவியில் மழை அறிக்கை சொல்லிக்கொண்டிருந்த சென்னை வானிலை மையத்து ரமணன் சாரைப் பற்றிப் போன வாரம் எழுதிய குறிப்பில், வானிலை மையத்தைக் கிண்டல் செய்பவர்கள் முதலில் அவர்களுடைய அறிக்கையை முழுதாகப் படிக்க வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்னைக் கன்னத்தில் தட்டிச் சொன்ன மாதிரி இருந்தது.

நான் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவன். இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று குடைகளைத் தொலைத்திருக்கிறேன். டிவியில் கனமழை என்று சொன்ன நாளெல்லாம் குடையோடு போனேன், சொட்டுத் தண்ணீர் விழவில்லை. மழை பெய்யாததால் குடை ஞாபகமே வராமல் வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். அவர்கள் எதுவும் பெரிதாகச் சொல்லாத ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டேஷனிலிருந்து வீடு வரை தொப்பலாக நனைந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். மூன்றாவது குடையின் கைப்பிடியில் அடையாளத்துக்கு மஞ்சள் நூல் கட்டித் தந்திருந்தார் வீட்டுக்காரம்மா. அதுவும் போயிற்று.

சாட்டிலைட், ராடார், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் வைத்துக்கொண்டு இவர்களால் நாளைக்கு மழை வருமா என்று சொல்ல முடியவில்லை. என் பாட்டி எறும்பு முட்டை தூக்குவதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பஞ்சாங்கம் எவ்வளவோ தேவலை. இவர்களுக்குப் போய் வக்காலத்து வாங்குகிறீர்களே, நியாயமா?

பெயர் போட வேண்டாம், வீட்டில் உங்களைப் படிப்பார்கள். மூன்றாவது குடை ஆபீஸில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், பெருங்களத்தூர்

*

அன்புள்ள பெருங்களத்தூர் நண்பருக்கு,

காய்ச்சல் தேவலையா? முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வரியை எழுதும்போது கொஞ்சம் மிதப்பில் இருந்தேன், ஏனென்றால் அன்று காலை நான் குடை எடுத்துப்போனேன், மழையும் பெய்தது. வருடத்துக்கு இரண்டு முறை இப்படி அமையும். அந்த இரண்டு நாளும் நான் பெரிய விஞ்ஞானி.

ஆனால் வரியை வாபஸ் வாங்கப்போவதில்லை. டிவியில் ஓடும் அந்த அறிக்கையை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். 'சென்னையைப் பொறுத்தவரை வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும், நகரின் ஒருசில பகுதிகளில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.' இதில் நம் காதில் விழுவது 'சென்னை', 'இடி', 'மழை' மூன்றும்தான். ஓரளவு, ஒருசில, லேசான, கூடும் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' மாதிரி, யாரும் படிப்பதில்லை.

அந்தச் சொற்களுக்கெல்லாம் கணக்கு இருக்கிறது சார். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்த வட்டாரத்தில் உள்ள மழைமானிகளில் கால்வாசிக்கு மேல் நனையாது என்று அர்த்தம். 'ஒருசில இடங்களில்' என்றால் கால்வாசிக்கு மேல், பாதி வரை. 'அநேக இடங்களில்' பாதியிலிருந்து முக்கால். அதையும் தாண்டினால்தான் 'பெரும்பாலான இடங்களில்'. கனமழை என்பதும் நாம் ஜன்னலைப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை, ஓரிடத்தில் 24 மணி நேரத்தில் சுமார் ஆறரை சென்டிமீட்டர் விழ வேண்டும். அந்த 24 மணி நேரமும் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு அல்ல, காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரை. ஆக, 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று அவர்கள் சொன்னால் நான்கு பேரில் மூன்று பேர் குடையை மறந்துவிட்டு ரயிலிலிருந்து இறங்குவார்கள் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பஞ்சாங்கத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, 'அப்போதே போட்டிருந்தான் பார்' என்று பஞ்சாங்கப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கும் நான்கு பேர் அனுப்பினார்கள். கார்த்திகையில் பலத்த மழை என்று போட்டிருந்தது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று என் அப்பத்தா பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்வாள். தமிழ்நாட்டுக்கு வருஷத்து மழையில் கிட்டத்தட்ட பாதி அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது, அப்புறம் சித்திரையிலா போட முடியும்? இன்னொன்று கவனித்தீர்களா, பஞ்சாங்கத்தில் இத்தனை மரக்கால் மழை என்று சொல்லிவிட்டுக் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை, பூமியில் இத்தனை என்று பிரித்துவிடுவார்கள். உங்கள் தெருவில் பெய்யவில்லை என்று யார் போய்ச் சண்டை போடுவது? கடலில் பெய்திருக்கும். ஓரிரு இடங்களில் என்று வானிலை மையம் சொன்னால் மழுப்பல், அதையே பஞ்சாங்கம் சொன்னால் தீர்க்கதரிசனம்!

பாட்டியின் எறும்பை நான் மறுக்கவில்லை. ஆனால் எறும்பு முட்டை தூக்கி, மழை வராமல் போன நாட்களை உங்கள் பாட்டி நோட்டில் எழுதி வைத்திருந்தாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ரமணன் சார் விஷயத்துக்கு இதில் சம்பந்தம் உண்டு. அவர் 2016 மார்ச்சில் ஓய்வு பெற்றார், ஆனால் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த எவரும் இன்னும் அவரை ஓய்வு பெற விடவில்லை. தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று அவர் ஆரம்பித்தாலே ஹோம்வொர்க் நோட்டை மூடி வைத்த தலைமுறை அது. அவருக்கு லீவு விடும் அதிகாரம் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. லீவு விட்டது கலெக்டர், கோயில் கட்டாத குறையாகக் கும்பிட்டது ரமணனை. மழை பெய்யாமல் லீவும் விடாமல் போனால் திட்டு விழுந்ததும் அவருக்கே.

இப்போது பிள்ளைகள் விவரமாகிவிட்டார்கள், நேரே கலெக்டரின் ட்விட்டர் பக்கத்துக்கே போய்விடுகிறார்கள். 'சார் எங்க தெருவில முட்டிக்கால் தண்ணி' என்று ஒரு பையன், கீழே அதே ஊரிலிருந்து இன்னொருவன் 'நாளைக்கு மேக்ஸ் டெஸ்ட் சார், ப்ளீஸ்' என்று உண்மையைப் போட்டு உடைக்கிறான். என் பையன் ஏழாவது படிக்கிறான், ராடார் படம் பார்த்து மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்கிறான், வரலாற்றுப் பாடத்தில் அக்பரின் அப்பா யார் என்று கேட்டால் முழிக்கிறான். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது இணையத்தில் மழைக் கணிப்பு எழுதும் 'வெதர்மேன்' என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் காலை டிபனே முடிவாகிறது. லீவு என்றால் பூரி, இல்லையென்றால் இட்லி.

மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பது இதில் தனிக் கூத்து. பள்ளிக்கரணை சென்னை மாவட்டம், ஒட்டினாற்போல் இருக்கும் மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். சென்னைக்கு லீவு, செங்கல்பட்டுக்குப் பள்ளி உண்டு என்று ஒரு காலையில் அறிவிப்பு வந்தால் ஒரே மழையில் ஒரு பையன் போர்வைக்குள், இன்னொரு பையன் ரெயின்கோட்டுக்குள். நீங்கள் பெருங்களத்தூர், நானும் தாம்பரம் பக்கம், நாம் இருவரும் செங்கல்பட்டுக்காரர்கள். 2019இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு, லீவு பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று தேடுவது ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் ரெட் அலர்ட். 2024 அக்டோபர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 16ஆம் தேதி புதன்கிழமைக்குச் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்கு மாவட்டங்களுக்கும் ரெட் அலர்ட். திங்கட்கிழமையே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், ஆனால் சிரித்துவிட்டு நேரே போய் ஆறு பாக்கெட் பால், இரண்டு பிரெட், ஒரு டஜன் மெழுகுவர்த்தி வாங்கினேன். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஏன் மெழுகுவர்த்தி வாங்கினேன் என்று இன்று வரை எனக்கும் தெரியாது, எனக்கு முன்னால் நின்றவர் வாங்கினார், வாங்கினேன். செவ்வாய்க்கிழமை நன்றாகவே கொட்டியது. புதன்கிழமை விடிந்தது. வெயில். அதுவும் சாதாரண வெயில் இல்லை, வடாம் போடலாம் போன்ற வெயில்.

மயிலாடுதுறையிலிருந்து அம்மா போன். "ஊரே மிதக்குதாமே?" "இல்லம்மா, இங்க வெயிலடிக்குது." "எனக்காகப் பொய் சொல்லாதடா, டிவில காட்டுறான்." மொட்டை மாடியில் நின்று வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அது பழைய வீடியோ என்று சொல்லிவிட்டார். ஆறு பாக்கெட் பாலும் தயிராகி, சனிக்கிழமை வரை மோர்க்குழம்பு. எங்கள் வீட்டில் ரெட் அலர்ட் என்றால் இன்றும் அதுதான் பொருள்.

ஆனால் அன்று நடந்ததைப் பாருங்கள். தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே நகர்ந்தது, மழை மேகமெல்லாம் ஆந்திரப் பக்கம் போய்விட்டது, 17ஆம் தேதி விடியற்காலையில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. வங்காள விரிகுடா அளவுள்ள ஒரு வரைபடத்தில் அது நகத்தளவு பிசகு. அந்த நகத்துக்கு அடியில்தான் நாம் குடியிருக்கிறோம். ரெட் அலர்ட் என்பதும் நமக்குப் பால் வாங்கச் சொன்னது இல்லை, படகையும் பம்ப்செட்டையும் எடுத்து வை என்று அதிகாரிகளுக்குச் சொன்னது.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2021 டிசம்பர் 30 எனக்கும் நினைவிருக்கிறது. பருவமழை போய்விட்டது என்று எல்லோரும் குடையை மேலே தூக்கிப் போட்ட நேரத்தில், மதியத்துக்கு மேல் வந்து சில மணி நேரத்தில் நகரத்தையே முடக்கிவிட்டது. கணிப்பு தவறியதை வானிலை மையமே ஒப்புக்கொண்டது, கணிப்பை மேம்படுத்தச் சொல்லி முதல்வர் டெல்லிக்குக் கடிதம் எழுதினார். அது தோல்விதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, இவ்வளவு வரும் என்று முன்பே சொன்னீர்களா இல்லையா என்று மத்திய அரசும் மாநில அரசும் மாறி மாறிச் சண்டை போட்டார்கள். அங்கே தண்ணீரில் நின்றவர்களுக்கு அந்தச் சண்டையில் அக்கறை இருந்திருக்காது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அதே 2024 நவம்பர் கடைசியில், ஃபெங்கலா, ஃபெஞ்சலா, பெங்கலா என்று சவூதி அரேபியா கொடுத்த பெயரை உச்சரிக்கவே நாம் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அது புயலாகும், ஆகாது, ஆகும் என்று அறிக்கை மாறி மாறி வந்தது. புயலுக்கே இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது என்று நானும் ஒரு ஜோக் அடித்தேன், நல்ல வரவேற்பு. மறுநாள் அது புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் அப்படியே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல். திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டை மூடியது, குழந்தைகளும் போனார்கள். அந்த ஜோக்கை அன்று இரவே நீக்கினேன். அதற்குள் ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

அதனால்தான் வக்காலத்து. வராத மழைக்கு எச்சரித்தால் நமக்கு நஷ்டம் ஒரு குடை, ஆறு பாக்கெட் பால்.

எந்த நாளில் குடை எடுத்துப்போவது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மடக்குக் குடையாக ஒன்று வாங்கிப் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள், தை பிறக்கும் வரை வெளியே எடுக்காதீர்கள். பெய்தால் பிரியுங்கள், பெய்யாவிட்டால் அதை மறக்கவும் வழியில்லை.

பி.கு.: போன புதன்கிழமை ராத்திரி தாம்பரம் வண்டியில் ஜன்னலோர சீட்டில் ஒரு கறுப்புக் குடை கிடந்தது. யாருடையது என்று பெட்டி முழுக்கக் கேட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை. கைப்பிடியில் மஞ்சள் நூல். முதல் பத்தியில் நான் குடை எடுத்துப்போனேன் என்று சொன்னேனே, அந்தக் குடைதான். வீட்டு விலாசம் அனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறேன். நாளைக்கு வேண்டாம், ஆரஞ்சு அலர்ட் கொடுத்திருக்கிறார்கள்.