பரண்ல இருக்குற கேசட்டுக்கு என்ன விலை? – வாசகர் கேள்வி பதில்

காசிமேடு வாசகர்: அண்ணா, எங்க அப்பா 90கள்ல பர்மா பஜார்ல வாங்கித் தந்த வீடியோ கேம் செட்டும் ஏழெட்டு கேசட்டும் பரண்ல கெடக்கு. மாரியோ கேசட் ஒண்ணு 15 கோடிக்கு போச்சுன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. எங்ககிட்டயும் மாரியோ இருக்கு, எவ்ளோ வரும்?

தம்பி, அந்தக் கணக்கு பொய் இல்ல. 2021 ஆகஸ்ட்ல ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 20 லட்சம் டாலருக்கு கைமாறுச்சு, அன்னிய ரேட்டுக்கு கிட்டத்தட்ட 15 கோடி ரூபா. ஆனா அது வெறும் கேசட் இல்ல, கடையில இருந்து வந்த சீல் உடையாத டப்பா. அதே வருஷம் ஏப்ரல்ல 6 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது இன்னொன்னு, அது 1986ல கிறிஸ்துமஸ் பரிசா குடுக்க வாங்கி மேசை டிராயர்ல வச்சு அப்படியே மறந்துபோனது, அத்தனை வருஷமும் யாரும் பிரிக்கல, அதுக்குத்தான் அந்த விலை. பிரிச்சு ஆடுன மாரியோன்னா கதையே வேற, உலகம் பூரா 4 கோடிக்கு மேல போன கேம் அது, எங்க தேடினாலும் கிடைக்கும்.

கேம் நல்லா இருக்கா இல்லையாங்கறதுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லன்னு கூட சொல்லலாம். 1987ல ஸ்டேடியம் ஈவன்ட்ஸ்னு ஒரு ஓட்டப்பந்தய கேம் அமெரிக்காவுல வந்துச்சு, கால் வச்சு மிதிக்கிற பாயோட ஆடணும். அந்தப் பாயோட உரிமையை மாரியோ கேமை உருவாக்குன ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோ வாங்கிட்டு, கேமை வேற பேர்ல வெளியிட்டுச்சு. உள்ள ஓடுறது கிட்டத்தட்ட ஒரே கேம்தான், ஆனா பழைய பேர் போட்டதுக்கு ஆயிரக்கணக்குல டாலர் குடுக்குறாங்க, புதுப் பேர் போட்டது சல்லிசா கிடைக்குது. 1990ல நிண்டெண்டோ நடத்துன போட்டிக்காக செஞ்ச கேசட் இருக்கு, சாம்பல் கலர்ல 90, தங்கக் கலர்ல 26, அவ்ளோதான். எத்தனை மிச்சம் இருக்கு, எந்த நிலைமையில இருக்கு, இது ரெண்டும்தான் விலையை முடிவு பண்ணுது.

இப்போ உங்க பரணுக்கு வருவோம். வண்ணாரப்பேட்டையில இருந்து எண்ணூர் வரைக்கும் நம்ம வீடுங்கள்ல இருந்த செட்டு பெரும்பாலும் ஜப்பான்ல 1983ல வந்த ஃபேமிகாம்ங்கற நிண்டெண்டோ செட்டோட நகல், கேசட்டும் நகல்தான். சந்தேகமா இருந்தா கேசட் பின்னாடி திருகைக் கழட்டிப் பாருங்க. போர்டு நடுவுல தார் சொட்டு விழுந்த மாதிரி கருப்பா ஒரு பொட்டு இருந்தா அது பெரும்பாலும் நகல்தான். ரெண்டு பக்கமும் கால் வச்ச சிப்பு இருந்தா மட்டும் உடனே ஒரிஜினல்னு நினைச்சுடாதீங்க, அப்படியும் நகல் பண்ணிருக்காங்க, போர்டுல கம்பெனி பேர் அச்சாகி இருக்கான்னு பாக்கணும். அப்புறம் அந்த 9999 இன் 1 ஸ்டிக்கர், அதுல உண்மையில இருக்குறது கொஞ்சம் கேம்தான், அதையே ஒவ்வொரு லெவல்ல இருந்து ஆரம்பிச்சு வேற வேற பேர் குடுத்து திரும்பத் திரும்ப லிஸ்ட்ல போட்டிருப்பாங்க. இதுக்கெல்லாம் நூறு கணக்குல பேசுவாங்களே தவிர லட்சக் கணக்குல யாரும் பேச மாட்டாங்க.

ஆனா தயவுசெஞ்சு காயலான் கடைக்கு மட்டும் போட்டுடாதீங்க. அந்த ஸ்டிக்கர்ல கம்பெனி அட்ரஸ் இருக்காது, வருஷம் இருக்காது, எந்த ஃபேக்டரி எப்போ செஞ்சதுன்னு ஒரு பதிவும் இல்ல, நம்ம புள்ளைங்க டேங்க் கேமும் கான்ட்ராவும் ஆடுனதுக்கு சாட்சியா மிச்சம் இருக்குறதே இந்த நகல் கேசட்டுங்கதான். நகலை மட்டுமே தேடிச் சேர்க்குற ஆளுங்களும் உலகத்துல இருக்காங்க. காசுக்காக இல்லன்னாலும் வச்சிருங்க.

கொடுங்கையூர் வாசகி: சார், எங்க வீட்டு கேசட்டை ஃபோட்டோ எடுத்து போட்டிருந்தேன், ஒருத்தர் 5 லட்சம் தர்றேன், முதல்ல பதிவுக் கட்டணம் 3,000 அனுப்புங்கன்னு வாட்ஸ்அப்ல சொல்றார். அனுப்பலாமா?

அனுப்பவே அனுப்பாதீங்கம்மா. வாங்குறவர்தான் காசு குடுக்கணும், விக்கிறவங்க எதுக்கு முதல்ல குடுக்கணும்? பழைய நோட்டு, பழைய நாணயத்துக்கு லட்சம் தர்றேன்னு கமிஷன் கேட்டு ஏமாத்துனது ஊர் பூரா நடந்து, 2021ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டுச்சு, இது அதே வேலைதான், பொருள் மட்டும் மாறியிருக்கு. ஓடிபி, பேங்க் விவரம் எதையும் குடுக்காதீங்க, ஏற்கனவே காசு போட்டிருந்தீங்கன்னா லேட் பண்ணாம சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு ஃபோன் பண்ணுங்க.

ராயபுரம் வாசகர்: கேசட் போட்டா ஸ்க்ரீன்ல கோடு கோடா வருது. ஊதி ஊதிப் போட்டா சில நேரம் ஓடுது. செத்துப்போச்சா?

பெரும்பாலும் சாகல, கேசட் அடியில வரிசையா இருக்குற கனெக்ஷன் பல்லுதான் அழுக்காகி இருக்கும். ஊதுறதை இன்னியோட விட்டுருங்க, ஊதுனதால ஓடல, கழட்டி மாட்டுனதுல கனெக்ஷன் சரியா உக்காந்து ஓடுது, வாயில இருந்து போற ஈரம் அந்த பித்தளைக் கலர் பல்லை இன்னும் அரிச்சுடும். அதுவும் உங்க ஏரியா கடலை ஒட்டி, உப்புக் காத்து வேற, பச்சைக் களிம்பு சீக்கிரம் புடிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம்னு கேட்டு வாங்கி, காது குடையுற பட்ஸ்ல நனைச்சு மேல இருந்து கீழ ஒரே திசையில இழுங்க, பட்ஸ் கருப்பா வரும், கருப்பு நிக்கிற வரைக்கும் புதுசு மாத்தி மாத்தி இழுங்க. நல்லா காஞ்சப்புறம் மாட்டுங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, மேல இருக்குற பூச்சு போயிடும். செட்டுக்குள்ள கேசட் சொருகுற இடத்தையும் இதே மாதிரி துடைங்க, நெறைய பேர் அதை விட்டுடுறாங்க.

வியாசர்பாடி வாசகர்: வாத்து சுடுற துப்பாக்கி புது எல்இடி டிவில வேலை செய்யல, ஏன்?

செய்யாது. ட்ரிகர் அமுக்குன அந்த நொடியில ஸ்க்ரீன் கருப்பாகி வாத்து இருக்குற இடம் மட்டும் வெள்ளையா மின்னும், துப்பாக்கி மூக்குல இருக்குற சென்சார் அதைப் புடிக்கும். எல்லாமே பழைய குண்டு டிவியோட வேகத்துக்கு எழுதினது, புது டிவில படம் கொஞ்சம் லேட்டா வரும், மின்னுற விதமும் வேற. குண்டு டிவி ஒண்ணு தேடுங்க, அதுதான் சுலபமான வழி.

பெரம்பூர் வாசகர்: என்கிட்ட சாம்பல் கலர்ல நீட்டா, நிண்டெண்டோ பேர் போட்ட கேசட் ரெண்டு இருக்கு, மாமா சமுராய் செட்டோட வாங்கினதுன்னு சொல்றார். விக்கலாமா?

இதை நல்லா கவனிங்க, உங்க கேள்விதான் இந்த வாரம் வந்ததுலயே முக்கியமானது. சமுராய்ங்கறது நிண்டெண்டோ செட்டை இந்தியாவுல வித்த பேர், நகல் செட்டு வந்து குவியறதுக்கு முன்னாடி காலம், அப்பவே விலை ஜாஸ்தின்னு கொஞ்சம் வீட்டுலதான் வாங்கினாங்க. கீழ பல்லை எண்ணுங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து 72 இருந்தா நீங்க சொல்ற வகை, 60 இருந்தா ஃபேமிகாம் வகை. டப்பா, புக், பில்லு எதாவது இருக்கான்னு மாமா வீட்டுல தேடச் சொல்லுங்க, வெளிநாட்டுல கேசட்டை விட அட்டை டப்பாவுக்கு ஜாஸ்தி குடுக்குற கேமெல்லாம் உண்டு. லேபிளைத் துடைக்காதீங்க, பேனாவுல பேர் எழுதியிருந்தாலும் அழிக்க வேணாம், ஓரம் பிஞ்சிருந்தா ஒட்டவும் வேணாம். விலை பாக்கணும்னா இபேங்கற ஆன்லைன் விற்பனை வெப்சைட்ல வித்து முடிஞ்சதுன்னு காட்டுற லிஸ்டைப் பாருங்க, கேக்குற விலையை யார் வேணா எவ்ளோ வேணா போடலாம். 2021ல ஏறுன விலையையும் நம்பாதீங்க, தரம் பாத்து சீல் போட்டுக் குடுக்குற கம்பெனி மேலயே விலையை ஏத்தி விட்டாங்கன்னு 2022ல அமெரிக்காவுல வழக்கு போட்டாங்க. அவசரம் இல்லன்னா மாமாகிட்ட எந்த வருஷம், எந்தக் கடை, எவ்ளோ குடுத்து வாங்கினார்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி கேசட்டோட சேர்த்து வைங்க, அதுக்கப்புறம் விலை பேசலாம்.