காலஞ்சென்ற மாமாவின் துவக்கோடு பன்றி காவலுக்குப் போகலாமா?

வெலிமடைப் பக்கம் காட்டோரமாக உருளைக்கிழங்கும் கோவாவும் செய்கிறீர்கள், காட்டுப்பன்றி இரவில் இறங்கிக் கிழங்கையெல்லாம் கிண்டிவிட்டுப் போகிறது, சென்ற வருடம் இறந்துபோன மாமாவின் பன்னிரண்டு போர் (போர் என்பது குழாயின் அளவு) துவக்கு வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போனால் சட்டச் சிக்கல் வருமா, உயிருக்குப் பாதுகாப்பாக எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் துவக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள் என்பதே என் பதில். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருபது வருடத்துக்கு மேல் இருந்தது, நானும் அப்பாவோடு காவலுக்குப் போய் வளர்ந்தவன்.

இலங்கையில் துப்பாக்கிகளை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். அது பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதிப்பத்திரம் ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு என்றுதான் வழங்கப்படுகிறது. அது ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31 உடன் காலாவதியாகும், புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மாமாவின் அனுமதி அவரோடு முடிந்துவிட்டது. அவருடைய வாரிசு என்பதால் துவக்கும் தானாக உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. அதை ஒப்படைத்துவிட்டு, உங்கள் பெயருக்கு வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை அலுமாரியில் இருப்பது அனுமதியற்ற துப்பாக்கி. நீங்கள் அதைக் கொண்டு ஒரு வெடிகூட வைக்காவிட்டாலும், வைத்திருப்பதே குற்றம். மாமா உயிரோடு இருந்திருந்தாலும், அவர் பெயரில் உள்ள துவக்கை நீங்கள் தனியாகக் காட்டுக்குக் கொண்டுபோக முடிந்திருக்காது.

பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கிக்கு மாவட்டச் செயலகத்தில், எங்கள் பேச்சில் சொன்னால் கச்சேரியில், விண்ணப்பிக்க வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பொலிஸ் அறிக்கை, செய்கை பண்ணும் காணி பற்றிய சான்று எல்லாம் கேட்பார்கள். தற்பாதுகாப்புக்கான துப்பாக்கி வேறு வகை, அது பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மலையகத் தோட்ட மக்களுக்கு இதில் உள்ள பெரிய தடை காணிச் சான்றுதான். தலைமுறை தலைமுறையாக லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்து, தோட்டத்து நிலத்தில் ஒரு துண்டு மரக்கறி போடுகிறவருக்குக் காட்டுவதற்குக் காணி உறுதி ஏது? பன்றி எல்லாருடைய கிழங்கையும் ஒன்றுபோலத்தான் தின்கிறது, ஆனால் துவக்குக்கு விண்ணப்பிக்கும் வழி காணி உள்ளவருக்கே திறக்கிறது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனாலும் அந்த நியாயமின்மையைக் காரணம் காட்டிக் களவுத் துவக்கு வாங்கியவர்களில் ஒருவருக்கும் அதனால் நன்மை வந்ததை நான் பார்க்கவில்லை.

துவக்கு அனுமதி என்பது வேட்டை அனுமதி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மரை, புள்ளிமான், அழுங்கு, சிறுத்தை ஆகியவை பாதுகாக்கப்பட்டவை. காட்டுப்பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பன்றிக்கு வைத்த வெடியில் மரை விழுந்தால் குற்றம் குற்றம்தான். அந்த இறைச்சியை வாங்கிச் சமைத்தவரும் தப்ப முடியாது. ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காவுக்குள் துப்பாக்கியோடு கால் வைப்பதே தனிக் குற்றம். அங்கே மிருகத்தைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்டினேன் என்ற பேச்சு எடுபடாது.

இனி உயிர்ப் பாதுகாப்பு. எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, ஒரு மார்கழி மாதத்து விடியற்காலை, ஐந்தரை மணி இருக்கும், அப்பாவும் நானும் கிழங்கு மேட்டின் மேற்பக்கம் உட்கார்ந்திருந்தோம். பனிமூட்டம் பத்து யார் தூரத்துக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. கீழே வடிகால் கானோரம் மானாப்புல் அசைந்தது. கறுப்பாக, ஈரமாக, ஒரு முதுகு தெரிந்து மறைந்தது. கீழே குனிந்து எதையோ பிடுங்கும் சத்தமும் கேட்டது. துவக்கு என் மடியில் இருந்தது. நான் அதைத் தோளுக்குக் கொண்டுவந்தபோது அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் தன் உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்து நிலத்தை நோக்கி அழுத்தினார். இரண்டு நிமிடம் அப்படியே இருந்தோம். பிறகு அந்த முதுகு நிமிர்ந்தது. மாட்டுக்குப் புல் அறுக்க வந்த எங்கள் மேல் லயத்துப் பெரியம்மா. குளிருக்காகத் தலையிலிருந்து முதுகு வரை போர்த்தியிருந்த படங்குதான் பனியில் பன்றியின் முதுகாகத் தெரிந்திருக்கிறது. "சத்தத்துக்கும் சுடாதே, நிறத்துக்கும் சுடாதே. தலை எது, கால் எது என்று முழு மிருகமும் தெரிந்த பிறகுதான் விரல் உள்ளே போகணும்" என்று வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார். அந்தப் பெரியம்மா இன்றும் இருக்கிறார். அன்று நடந்ததை நான் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

மலைச்சரிவில் ஆளில்லாத இடம் என்று ஒன்று கிடையாது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். புல்லுக்கும் விறகுக்கும் போகிறவர்கள், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு இறங்குகிறவர்கள், தண்ணீர்க் குழாய் பார்க்கப் போகிறவர்கள் என்று எந்த நேரத்திலும் எந்தப் புதருக்குப் பின்னாலும் ஒருவர் இருக்கலாம். பன்றிக்குப் பயன்படுத்தும் எஸ்.ஜி. தோட்டாவில் எட்டு ஒன்பது பெரிய ஈயக் குண்டுகள் இருக்கும். ஒழுங்காகச் சுடக்கூடிய தூரம் முப்பது, நாற்பது மீற்றர்தான் என்றாலும், இலக்கில் படாத குண்டு ஐந்நூறு மீற்றருக்கு மேலும் போகும். மேட்டில் நின்று கீழ்நோக்கிச் சுட்டால் பெரும்பாலும் மண்ணே குண்டை ஏற்றுக்கொள்ளும். மேல்நோக்கியோ மலைமுகட்டை நோக்கியோ சுட்டால் குண்டு அடுத்த பக்கத்து லயத்துக் கூரைக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே மிருகத்துக்குப் பின்னால் மண்மேடு தெரியாவிட்டால், எவ்வளவு பெரிய பன்றி நின்றாலும் விட்டுவிட வேண்டும்.

நடக்கும்போது தோட்டா குழாயில் இருக்கக் கூடாது. முறித்துத் திறக்கும் துவக்கானால் திறந்தபடி கையில் கொண்டுபோக வேண்டும். கூட வருகிறவருக்கும் அது திறந்திருப்பது தெரியும், மனதுக்கு நிம்மதி. கான் தாண்டும்போது, கம்பி வேலிக்குள் நுழையும்போது, வழுக்குப் பாறையில் இறங்கும்போது இதில் விலக்கே இல்லை. விழுந்து எழும்பினால் முதலில் குழாய்க்குள் சேறு போயிருக்கிறதா என்று, தோட்டாவை எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து பாருங்கள். வாயில் சேறு அடைத்த குழாய் சுடும்போது கிழிந்துவிடும். இருபது போர் தோட்டாவைப் பன்னிரண்டு போர் தோட்டாவோடு ஒரே பையில் போடுவதும் அதே ஆபத்துத்தான். சிறியது குழாய்க்குள் வழுக்கிப்போய் நடுவில் நின்றுவிடும், வெறும் குழாய் என்று நினைத்துப் பின்னால் பெரியதைப் போட்டுச் சுட்டால் முன்கையே போய்விடும். குதிரையை, அதாவது விசையை, தட்டியும் வெடிக்காவிட்டால், குழாயைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடம் பொறுத்துத்தான் திறக்க வேண்டும். எங்கள் ஈரக் குளிரில் பழைய தோட்டாக்கள் ஊறிப்போய் இப்படிச் செய்வது புதிதல்ல.

இரவில் டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னினால் அது பன்றிதான் என்று எந்த ஆதாரமும் இல்லை. நாய், மாடு, ஆடு ஆகியவற்றின் கண்கள்தான் நன்றாக மின்னும், பன்றியின் கண் அவ்வளவாக மின்னாது. இரண்டு பேர் போனால் இருவரும் ஒரே இடத்தில் இருங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று பிரிந்து மறித்துப் பிடிக்கும் வேலை ஆளுக்கு ஆள் சுட்டுக்கொள்வதில் முடியும். சாராயமோ கசிப்போ ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் அன்றைக்குத் துவக்கைத் தொடவே கூடாது. காயப்பட்ட பன்றியை இருட்டில் தேடிப் போகாதீர்கள், அது புதருக்குள் முகத்தைத் திருப்பி வைத்துக் காத்திருக்கும்.

துவக்குக்கு வழியில்லை என்று, நூலைத் தட்டினால் தானாக வெடிக்கும்படி கட்டி வைக்கும் கட்டுத் துவக்குக்குப் போய்விடாதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்கிறேன். என் சித்தப்பா விறகுக்குப் போன இடத்தில், முழங்கால் உயரத்தில் கட்டியிருந்த மெல்லிய நைலோன் நூலைத் தட்டிவிட்டார். நூல் பன்றியின் உடம்பு உயரத்துக்குக் கட்டப்பட்டது, மனிதனுக்கு அது கால். வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கில் அடைத்திருந்த இரும்புத் துண்டுகள் அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தூளாக்கின. கட்டியவர் அடுத்த வளவுக்காரர், எங்களோடு ஒன்றாகத் திருவிழாச் செய்கிறவர். இருவருடைய குடும்பமும் அன்றோடு நொடிந்துபோயின. கட்டுத் துவக்கு, மிருகம் கடித்தால் வாயில் வெடிக்கும் ஹக்கபட்டாஸ், கம்பிச் சுருக்கு, வீட்டு மின்சாரத்தை இழுத்துவிட்ட கம்பி ஆகிய நான்கும் சட்டவிரோதம்; வீட்டில் வெடிமருந்து இடித்து வைத்திருப்பது 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் கீழும் வரும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கறுப்புச் சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் கழுத்து மாட்டி, சிகிச்சைக்குக் கொண்டுபோயும் இறந்தது. அந்தச் சுருக்கும் சிறுத்தைக்கென்று வைத்ததாக இருந்திருக்காது.

பயிரைக் காக்க, முறையாகப் பொருத்திய சூரிய மின்வேலியை முதலில் பாருங்கள். அது துடிப்பாக மட்டும் மின்சாரம் விடுவதால் உதைத்துத் தள்ளும், கொல்லாது. அயலவர் நாலைந்து பேர் சேர்ந்தால் செலவும் தாங்கும். சிறுத்தை வந்தால் கூட்டமாகச் சுற்றி வளைக்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். யாருக்காவது வெடிபட்டால் காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தபடியே 1990 அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். காயத்துக்குள் இருக்கும் குண்டைத் தோண்ட வேண்டாம்.

மாமாவின் துவக்குக்கு வருகிறேன். தோட்டா இருக்கிறதா என்று பார்க்கக் குதிரையைத் தட்டிப் பார்க்காதீர்கள், சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடவும் வேண்டாம். அலுமாரியைப் பூட்டிச் சாவியை மாமியிடம் கொடுத்துவிட்டு, மரணச் சான்றிதழையும் பழைய அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு கிராம அலுவலரைச் சந்தியுங்கள். பிறகு அவரோடு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் போய், துவக்கு இந்த வீட்டில் இருக்கிறது, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள். ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். பின்னர் உங்கள் பெயரில் விண்ணப்பிக்கும்போது கச்சேரியில் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.