பழைய யூனிக்ஸ் சர்வரில் 2 ஜிபியைத் தாண்டும் பேக்கப்பை எடுப்பது எப்படி?

டேட்டாபேஸ் எக்ஸ்போர்ட் 2 ஜிபியில் நின்றுவிடுகிறது, டிஸ்க்கில் இடம் இருக்கிறது, ஓஎஸ்ஸை மாற்ற அனுமதி இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 2002-இல் பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறையில் நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

முதலில் நின்றுபோன ஃபைலின் அளவைப் பாருங்கள். 2147483647 பைட் என்று இருந்தால், புரோகிராம் ஃபைலுக்குள் தான் இருக்கும் இடத்தை 32 பிட் எண்ணில் குறித்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஒரு பிட் பிளஸ், மைனஸ் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் எண்ணக்கூடிய கடைசி எண் இதுதான். 1 ஜிபி பக்கத்திலேயே நின்றால் அது யூலிமிட், அதாவது ஒரு யூசர் எழுதும் ஃபைல் எவ்வளவு பெரிதாகலாம் என்று சிஸ்டம் வைத்திருக்கும் வரம்பு. ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் அதன் வழக்கமான அளவு 2097151 பிளாக், ஒவ்வொன்றும் 512 பைட். ரூட் பாஸ்வேர்டு வைத்திருப்பவரிடம் சொல்லி அதை ஏற்றிவிட்டு மறுபடி லாகின் செய்தால் போதும்.

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமும் தடையாக இருக்கலாம். ஹெச்பியின் யூனிக்ஸான ஹெச்பி-யூஎக்ஸில் பெரிய ஃபைலுக்கான ஆப்ஷனைப் பிறகும் போட்டுக்கொள்ளலாம். ஏஐஎக்ஸின் பழைய ஃபைல் சிஸ்டமான ஜேஎஃப்எஸ்ஸில் உருவாக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, அழித்து, புதிதாகக் கட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அதற்கு நான் துணிய மாட்டேன்.

எனக்குக் கைகொடுத்தது நேம்டு பைப்: ஃபைல் போலப் பெயர் வைத்த குழாய், ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்று உடனே படித்துக்கொள்ளும். எங்கள் சீனியர், சேலத்துக்காரர், கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னார்: "ஃபைலா எழுதினாத்தானே தம்பி கணக்கு வைக்கும்? பைப்புல விடு." எம்கேநாட் கட்டளையில் பெயருக்குப் பின்னால் ஒரு பி போட்டால் பைப் தயார். பைப்புக்கு நீளமும் கிடையாது, 'எந்த இடம் வரை எழுதினோம்' என்ற கணக்கும் கிடையாது. அதன் மறுமுனையில் டேட்டாவைச் சுருக்கும் கம்ப்ரஸ் ஓடட்டும்; அது தருவதை ஸ்ப்ளிட் வாங்கி 500 எம்பி துண்டுகளாக நறுக்கட்டும். இந்த இரண்டையும் பின்னணியில் முதலில் ஓட விட்டுவிட்டு, அப்புறம் எக்ஸ்போர்ட்டைத் தொடங்கி, அவுட்புட் ஃபைலின் பெயராகப் பைப்பின் பெயரைக் கொடுங்கள். படிக்க ஆள் இல்லாத பைப்பைத் திறந்தால் எக்ஸ்போர்ட் அசையாமல் காத்துக்கொண்டே இருக்கும்.

திரும்ப ஏற்றும்போது எல்லாம் தலைகீழ்: துண்டுகளை கேட் வரிசையாக ஒட்டும், அன்கம்ப்ரஸ் விரிக்கும், பைப் வழியாக இம்போர்ட் படிக்கும். ஸ்ப்ளிட் ஏஏ, ஏபி, ஏசி என்று பெயர் வைப்பதால் நட்சத்திரக் குறி போட்டாலே வரிசை சரியாக வந்துவிடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். எக்ஸ்போர்ட் நடுவழியில் செத்துப்போனால் கம்ப்ரஸுக்கு அது தெரியாது. வந்தவரை போதும் என்று கடைசித் துண்டை ஒழுங்காக மூடிவிடும். எங்களுக்கு அப்படி ஓர் இரவு நடந்தது. காலையில் நான்கு துண்டுகளும் லட்சணமாக இருந்தன, டேப்பிலும் ஏற்றிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் மெஷினில் இம்போர்ட் செய்தபோதுதான் கடைசியில் வர வேண்டிய டேபிள்கள் இல்லவே இல்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு ஸ்கிரிப்டை மாற்றினேன்: எக்ஸ்போர்ட் முடியும்போது திருப்பித் தரும் எண் (எக்ஸிட் கோட்) வெற்றியைக் குறிக்கும் பூஜ்யமாக இருக்க வேண்டும், லாக்கின் கடைசி வரியிலும் எர்ரர் இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் துண்டுகள் டேப்புக்குப் போகும்.