விலையுயர்ந்த சருமப் பராமரிப்பு பிராண்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது? அதில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

எஸ்கே-டூ. ஜப்பான் சரக்கு. ஆனால் அந்த பிராண்டின் எல்லாமே பிடிக்குமா என்றால், இல்லை. அந்தக் கவுன்டரில் நான் சொந்தக் காசு கொடுத்து வாங்குவது இரண்டே பொருட்கள். அவற்றிலும் ஒன்று விசேஷ நாட்களுக்கு மட்டும். மற்றதெல்லாம் இலவச மாதிரிகளிலும் அக்கா வீட்டு அலமாரியிலும் போட்டுப் பார்த்தவை. அக்கா அந்த பிராண்டின் பரம பக்தை, முழு வரிசையும் வைத்திருப்பாள்.

என் சருமத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு இது பொருந்துமா என்று பார்க்க முடியும். நல்ல கறுப்பு. நெற்றியும் மூக்கும் எண்ணெய் வடியும், கன்னம் அலுவலக ஏசியில் காய்ந்துபோகும். பரு வந்து போனால் அதன் கறை மாதக்கணக்கில் நிற்கும். சிங்கப்பூர்வாசி, அதனால் வருடம் முழுக்க வெயிலும் புழுக்கமும்தான்.

முதலில் எசன்ஸ். முழுப்பெயர் ஃபேஷியல் ட்ரீட்மென்ட் எசன்ஸ். இந்த பிராண்ட் நிற்பதே இதன் மேல்தான். சாக்கே எனப்படும் அரிசி மது வடிக்கும் வயதான தொழிலாளர்களின் முகத்தில் சுருக்கம் இருந்தும் கைகள் மட்டும் குழந்தைக் கை போல் இருந்ததாம். அதைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 350க்கும் மேற்பட்ட ஈஸ்ட் வகைகளைச் சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்களாம். இது நிறுவனம் சொல்லும் கதை; விளம்பரத்துக்கு ஏற்றபடி செதுக்கிய கதைதான். ஆனாலும் 1980ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இந்தத் தண்ணீர் போன்ற திரவம் இன்னமும் அந்தக் கடையின் முதல் தட்டில் இருக்கிறது. பிடேரா என்று அவர்கள் பெயர் வைத்திருப்பது கேலக்டோமைசிஸ் என்ற ஈஸ்டைப் புளிக்கவைத்து வடிகட்டிய நீர். குப்பியில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான்.

எனக்கு இதில் பிடித்ததே பொருட்பட்டியலின் சுருக்கம். பிடேரா, ஈரத்தைப் பிடித்துவைக்கும் இரண்டு கிளைக்கால் (glycol) ரசாயனங்கள், தண்ணீர், கெடாமல் இருக்க மூன்று பதப்படுத்திகள். ஏழே பொருட்கள். வாசனைத் திரவியம் கிடையாது, நிறம் கிடையாது. (பதப்படுத்திகளில் ஒன்று மெத்தில்பாரபென். பாரபென் என்றாலே வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அதில் பயம் இல்லை.) இவ்வளவு விலைக்குப் பூவாசம் வீசும் என்று எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றம்தான், பழைய சோற்று நீராகாரம் போல ஒரு மெல்லிய புளிப்பு வாடை வரும். அரை நிமிடத்தில் போய்விடும்.

முகம் கழுவியதும் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, தேய்க்காமல் தட்டித் தட்டி இறக்க வேண்டும். பஞ்சில் ஊற்றினால் பாதியைப் பஞ்சு குடித்துவிடும். என் முகத்தில் இது செய்வது என்ன? கன்னத்தின் வறட்சி மட்டுப்படுகிறது, எண்ணெய் வடியும் இடங்கள் கனக்காமல் இருக்கின்றன, தொட்டால் சொரசொரப்பு குறைவு. பருக்கறையை அழிக்கிறதா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுருக்கத்துக்கு என்றும் வாங்க மாட்டேன். ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத் தோல் மருத்துவத் துறையினர் சோதனைக்கூடத்தில் வளர்த்த தோல் செல்களில் இந்த வடிநீரைச் சோதித்து, சருமத்தின் வெளி அரணுக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்ற புரதம் குறையாமல் இது காக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். வறட்சி குறைவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தட்டில் வளர்த்த செல் வேறு, வெயிலில் பேருந்துக்கு நிற்கும் முகம் வேறு. தவிர, இந்தப் பொருளைப் பற்றிய ஆராய்ச்சிகளில் கணிசமானவை நிறுவனத்தோடு தொடர்புள்ளவை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

இங்கே 230 மில்லி குப்பி 250 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டும். அதற்குத் தகுமா? நான் தொடர்ந்து வாங்குகிறேன் என்பதால் எனக்குத் தகுகிறது. ஆனால் காஸ்ஆர்எக்ஸ் என்ற கொரிய பிராண்டில் இதே கேலக்டோமைசிஸ் வடிநீர் 95 சதவீதம் என்று போட்டே ஓர் எசன்ஸ் இருக்கிறது. விலை மிகக் குறைவு. இரண்டும் அச்சுஅசல் ஒன்று என்று சொல்ல மாட்டேன்; எந்த ஈஸ்ட், எப்படிப் புளிக்கவைத்தார்கள் என்பதைப் பொறுத்து வடிநீர் மாறும். ஆனால் முதன்முறை முயல்பவர்கள் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, இந்த வகையே தங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு இதற்கு வரலாம். இந்தப் போட்டி பழசு. மிஷா என்ற இன்னொரு கொரிய பிராண்ட் 2011ல் எஸ்கே-டூவின் காலிக் குப்பியைக் கொண்டுவருபவர்களுக்குத் தன் எசன்ஸை இலவசமாகத் தருவதாக அறிவித்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

நான் வாங்கும் இரண்டாவது பொருள் மாஸ்க். அதே பிடேராவில் ஊறவைத்த பருத்தித் தாள். ஒரு தாள் ஏறக்குறைய 20 வெள்ளி ஆகிறது, அதுவும் ஒரே தடவைதான். கல்யாணத்துக்கு முந்தின இரவு போட்டால் மறுநாள் ஒப்பனை திட்டுத்திட்டாக இல்லாமல் படியும், அதற்காகவே வாங்குவேன். உறையின் அடியில் மிஞ்சும் திரவத்தைக் கொட்டாதீர்கள், கழுத்துக்கும் முழங்கைக்கும் போதும். வாரம் ஒன்று போடுங்கள் என்று விற்பனைப் பெண்கள் சொல்வார்கள். சம்பளம் அவர்களா தரப்போகிறார்கள்?

கிளியர் லோஷன் என்பது எசன்ஸுக்கு முன் பஞ்சில் துடைக்கும் டோனர். இறந்த செல்லை நீக்கும் மிதமான அமிலங்கள் அதில் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மருந்துக்கடை டோனர்களே அந்த வேலையைச் செய்யும். முகம் கழுவும் நுரையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நிமிடத்தில் கழுவிக் கொட்டப்போகும் பொருளுக்கு அந்த விலை கொடுக்க எனக்கு மனம் வராது.

இனி கிரீம். சிவப்பு டப்பாவில் வரும் ஸ்கின்பவர், அதற்கு முன் வந்த ஆர்.என்.ஏ. பவர், கறைக்கென்று விற்கும் ஜெனாப்டிக்ஸ் எசன்ஸ் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். அக்காவுக்கும் எனக்கும் சண்டை வரும் இடமும் இதுதான். போட்டால் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் கறைக்கும் நிறத் திட்டுக்கும் உண்மையாக உழைப்பது நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. நிறமி செல்லிலிருந்து மெலனின் பொட்டலங்கள் மேல்தோல் செல்லுக்குப் போவதை அது குறைக்கிறது என்று 2002ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்களில் முதன்மையானவர்கள் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள். 1991ல் மேக்ஸ் ஃபேக்டர் என்ற ஒப்பனை நிறுவனத்தை அந்த நிறுவனம் வாங்கியபோது எஸ்கே-டூவும் அவர்கள் கைக்குத்தான் வந்தது. ஓலே பிராண்ட் யாருடையது? அதுவும் அவர்களுடையதே. ஓலே கிரீமிலும் நியாசினமைடு இருக்கிறது, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. பிடேரா வேண்டுமென்றால் அதற்கு எசன்ஸ் இருக்கிறது. நியாசினமைடு வேண்டுமென்றால் ஓலே போதும். இரண்டையும் ஒரே அழகு டப்பாவில் அடைத்துத் தருவதற்கு நூறு இருநூறு வெள்ளி கூடுதலாகக் கொடுக்க நான் தயாரில்லை. அக்காவின் பதில்: “டப்பாவைப் பார்த்தாலே எனக்கு மனசு நல்லாருக்குடீ.” சரி, அவள் காசு.

ஊருக்குப் போனால் சித்திமார் இந்தக் குப்பியைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “இதைப் போட்டா வெளுக்குமா?” வெளுக்காது. வெளுக்கவைக்கும் பொருளாக இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவும் மாட்டேன். இவர்கள் விளம்பரங்களில் பளிங்கு மாதிரித் தெளிந்த சருமம் என்ற பேச்சு வரும். அதைக் கேட்டு நிறம் மாறும் என்று நினைத்துவிட வேண்டாம். நம்மைப் போன்ற கறுப்புச் சருமத்தில் சுருக்கம் தாமதமாகத்தான் வரும், கறையும் திட்டும் முந்திக்கொள்ளும். அதனால் பணம் ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் அது சன்ஸ்கிரீனாக இருக்கட்டும். சாம்பல் பூசினது போல் தெரியாத சன்ஸ்கிரீன் கிடைப்பது நமக்குக் கஷ்டம், தேடித்தான் பிடிக்க வேண்டும். அது இல்லாமல் எசன்ஸைத் தட்டிக்கொண்டிருப்பது வீண்.

2006ல் சீனாவில் நடந்ததைக் கேள்விப்பட்டுச் சிலர் இன்னமும் தயங்குகிறார்கள். அப்போது சில பொருட்களில் குரோமியம், நியோடைமியம் என்ற உலோகங்களின் தடயங்கள் இருந்ததாகச் சொல்லிக் கவுன்டர்களே மூடப்பட்டன. அந்த நுண்ணிய அளவால் தீங்கு வர வாய்ப்பில்லை என்று சீன அதிகாரிகள் பிறகு அறிவித்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் விற்பனையும் திரும்பியது. நான் அதற்காகப் பயப்படவில்லை. போலிச் சரக்குக்குத்தான் பயப்படுகிறேன். காலிக் குப்பிகளைக்கூடக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள், எதை நிரப்பி விற்கிறார்களோ! இணையத்தில் முகம் தெரியாத விற்பனையாளர் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் விட்டுவிடுங்கள். விமான நிலையக் கடையில் வாங்கினால் இங்குள்ள 9 சதவீத ஜிஎஸ்டி மிச்சம். ஊருக்குப் போகும்போது அங்கேதான் வாங்குவேன்.

கடைசியாக, கவுன்டரில் உட்காரவைத்து முகத்தை ஸ்கேன் செய்து சுருக்கத்துக்கு இவ்வளவு, புள்ளிக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டுக் காட்டுவார்கள். இலவசம்தான், சுவாரஸ்யமாகவும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே மட்டும் எதையும் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து யோசித்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் 30 அல்லது 75 மில்லி எசன்ஸ் போதும். முதல் தடவையே பெரிய குப்பி வேண்டாம்.