கொரோனா ஊரடங்கின்போது ரகசியமாகக் கடை திறந்தவர்கள் செய்தது சரியா? நீங்கள் பார்த்திருந்தால் காவல்துறையிடம் சொல்லியிருப்பீர்களா?

நிறையப் பார்த்திருக்கிறேன். 2020, 2021 இரண்டு ஊரடங்கிலும் பிஸ்கட், சோப்பு, எண்ணெய் விநியோகிக்கும் ஒரு ஏஜென்சியில் லைன் சேல்ஸ்மேனாக இருந்தேன். அத்தியாவசியப் பொருள் என்பதால் எங்கள் லோடு ஆட்டோவுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை என்று அடைத்துக் கிடந்த பஜார்களுக்குள் போய்வந்தவன் என்பதால் இந்தக் கேள்வியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிறு கடைக்காரர்கள் திறந்ததை நான் குற்றமாக நினைக்கவில்லை. சில பெரிய கடைகள் திறந்த விதத்தை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் மூன்று வாரம் யாருமே திறக்கவில்லை. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு இங்கே 144 வந்தது, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு. இத்தாலியில் சவப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்ததை டிவியில் பார்த்து எல்லோரும் உண்மையாகவே பயந்துபோயிருந்தார்கள். ஏப்ரல் 14 வரைதானே என்று பொறுத்துக்கொண்டார்கள். மே 3 வரை நீட்டித்தபோதுதான் நிலைமை மாறியது. கையில் இருந்த காசு அதற்குள் கரைந்துவிட்டது.

அப்புறம் திறந்தார்கள். ஷட்டரில் பூட்டு தொங்கும், உள்ளே ஆள் இருப்பார். ஷட்டர் மேல் சாக்பீஸில் போன் நம்பர். எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு பையன் பைக்கில் உட்கார்ந்திருப்பான், ஜீப் வந்தால் உள்ளே மிஸ்டு கால் கொடுக்க. "தம்பி, ஷட்டரத் தட்டாதீய, போன் போட்டுட்டுப் பின்வாசல் வழியா வாங்க" என்று என்னிடமே சொன்ன அண்ணாச்சிகள் உண்டு. ஃபேன்சி ஸ்டோர்காரர் ஒருவர் வழக்கமாக எங்களிடம் எதுவும் வாங்காதவர். அந்த மாதம் பிஸ்கட்டும் சோப்பும் வாங்கி முன்னால் அடுக்கினார். யாராவது கேட்டால் மளிகைக் கடை என்று சொல்லிக்கொள்ளலாம். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் கடைப் பக்கமே போகவில்லை, சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அவரைத் தேடி வந்தவர்கள் மோட்டார் காயில் கருகி வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாதவர்கள், ஃபேன் கண்டன்சர் போனவர்கள். சித்திரை வெயிலில் கைக்குழந்தையோடு ஃபேன் ஓடாத வீட்டில் எப்படி இருப்பது? அந்தக் கண்டன்சர் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் இல்லை.

அதிகம் அடிபட்டது சலூன்காரர்கள். எனக்கு முடிவெட்டும் அண்ணனுக்குக் கடை வாடகை மட்டும் மாதம் 4,000 ரூபாய். கூடவே தண்டல். 10,000 என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூலிக்கும் கடன். ரிசர்வ் வங்கி மார்ச் 27-ஆம் தேதி கடன் தவணைக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டித்தது. தண்டல்காரருக்கும் ரிசர்வ் வங்கிக்கும் என்ன சம்பந்தம்? அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். அண்ணி பெயரில் குழுக் கடன் வேறு. அரசு ரேஷன் கார்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. நல வாரியத்தில் பதிந்திருந்த முடிதிருத்தும் தொழிலாளர்களுக்குத் தனியாகவும் உதவித்தொகை வந்தது. அண்ணன் பதிந்திருக்கவில்லை. கத்தரி, சீப்பு, துண்டு எல்லாவற்றையும் காய்கறிப் பைக்குள் போட்டு, மேலே ஒரு கட்டு கீரையை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். மொட்டைமாடியிலும் தொழுவத்துப் பக்கத்திலும் வைத்து வெட்டினார்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது டாஸ்மாக் விவகாரம். மே 7-ஆம் தேதி, சென்னை தவிர மற்ற இடங்களில் கடைகளைத் திறந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் 15-ஆம் தேதி அந்த உத்தரவுக்குத் தடை வாங்கியது, 16-ஆம் தேதி கடைகள் மறுபடி திறந்தன. அன்றைக்கும் சலூனுக்கு அனுமதி கிடையாது. கிராமப்புறங்களில் 19-ஆம் தேதிதான் கிடைத்தது, நகரங்களுக்கு அதற்கும் பிறகு. "எங்களுக்காக யாரு கோர்ட்டுக்குப் போவா தம்பி?" என்று அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதைச் சொல்வதால் நோய் சாதாரணமானது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஏப்ரல் கடைசியில் கோயம்பேடு பக்கம் தடையை மீறி முடிவெட்டிய ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, அவரிடம் வந்துபோனவர்களை எல்லாம் தேட வேண்டியிருந்தது. ஆபத்து நிஜம். ஆனால் ஒளிந்து செய்யும்போது அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது என்பதைத்தான் நான் பஜாரில் பார்த்தேன். ஷட்டரை முழுக்க இறக்கி, ஜன்னலைச் சாத்தி, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் காற்றையும் அடைத்துவிடுவார்கள். காற்று வழியாகப் பரவும் என்ற பேச்சு அப்போது எங்கள் பக்கம் இல்லை, நாங்கள் கையைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தோம். பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்து, சுகாதாரப் பணியாளர் வந்து "எங்கெங்க போனீங்க?" என்று கேட்டால், "வீட்டிலதான் இருந்தேன்" என்பார்கள். கடைக்காரரைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. அந்த ஒரு பொய்யில் தொடர்பைத் தேடும் வேலை அறுந்துபோகும். மொட்டைமாடியில் இரண்டே பேர், வாயில் துணி கட்டிக்கொண்டு, பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிவிட்டு முடிவெட்டிக்கொள்ளலாம் என்று முதலிலேயே அனுமதித்திருந்தால் இந்த ஒளிவுமறைவே இருந்திருக்காது. ஜூன் மாதம் சலூனில் ஆதார் எண்ணை எழுதி வைக்கச் சொன்னார்கள். அதைப் போன்ற ஒரு நோட்டை ஏப்ரலிலேயே கொடுத்திருக்கலாமே.

நேரத்தைச் சுருக்கியதும் கூட்டத்தைக் குறைக்கவில்லை. 2021 மே 15 முதல் மளிகைக் கடைக்குக் காலை 6 முதல் 10 மணி வரை மட்டும். முன்பு நாள் முழுக்கப் பரவி வந்தவர்கள் அந்த நான்கு மணி நேரத்துக்குள் நெருக்கியடித்தார்கள். மே 24 முதல் மளிகையும் கிடையாது என்று அறிவித்து, அதற்கு முந்தைய இரண்டு நாள் இரவு 9 வரை எல்லாக் கடையும் திறக்கலாம் என்றபோது பஜாருக்குள் எங்கள் ஆட்டோ நகரவே முடியவில்லை.

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லைனில் நல்லவர்களும் இருந்தார்கள். "அண்ணாச்சி, இன்னைக்குப் பெரிய அதிகாரி வாராரு, சாத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனவரைப் பார்த்திருக்கிறேன். பைக்கைப் பறித்தவர்களையும் லத்தியை வீசியவர்களையும் பார்த்திருக்கிறேன். யாரிடம் மாட்டுகிறோம் என்பதுதான் சட்டமாக இருந்தது.

திசையன்விளையைத் தாண்டிப் போனால் சாத்தான்குளம். 2020 ஜூன் 19-ஆம் தேதி, குறித்த நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் பிடித்து வைத்தார்கள். அங்கே அடித்துச் சிதைத்து, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23 அதிகாலை அப்பா இறந்தார். அவர்கள் மேல் போட்ட வழக்கே பொய் வழக்கு என்று சிபிஐ பின்னர் தன் குற்றப்பத்திரிகையில் சொன்னது. அரசு உத்தரவை மீறுவதற்கு அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில், உயிருக்கு ஆபத்து உண்டாக்கும்படி மீறினாலும் அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இவர்கள் இருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. அந்த வாரம் மாவட்டத்தில் கடைகளை அடைத்தார்கள். எந்த அரசும் சொல்லாமல், வியாபாரிகளே கோபத்தோடு அடைத்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு செல்போன் கடைக்காரர் அதற்குப் பிறகு நேரம் முடிவதற்கு வெகு முன்பே ஷட்டரை இறக்கிவிடுவார். கிருமியை நினைத்து அல்ல.

ஏற்க முடியாது என்று சொன்ன பெரிய கடைக்கு வருகிறேன். 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஒரு ஊரில் பெரிய ஜவுளிக்கடை. முன்னால் சீராகப் பூட்டியிருக்கும். வைகாசி முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க வருபவர்களைப் போனில் நேரம் சொல்லிப் பின்வாசல் வழியாகக் குடும்பம் குடும்பமாக உள்ளே விட்டார்கள். அந்த முதலாளிக்குத் தண்டல் கிடையாது, ஒரு மாதம் அடைத்தால் அடுப்பு அணையப்போவதில்லை. உள்ளே நின்ற பெண் பிள்ளைகள் கிராமங்களிலிருந்து வந்து கடை விடுதியில் தங்கியிருந்தவர்கள். வரமாட்டேன் என்றால் சம்பளம் போகும். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆட்கள் அலைந்துகொண்டிருந்த நாட்களில் அவர்கள் பூட்டிய கட்டடத்துக்குள் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் எங்கள் ஏஜென்சி டிரைவருக்கு உறவு. விடுதியில் மூன்று பேருக்குக் காய்ச்சல், வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் மூலம் தெரிந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இது: சிறு கடை எதைப் பற்றியும் நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடையைப் பற்றிச் சொன்னேன், ஆனால் போலீஸிடம் போகவில்லை. எனக்குத் தெரிந்த சுகாதார ஆய்வாளருக்குப் போன் செய்தேன். கடை எங்கே என்று கேட்பதற்கு முன், "அந்தப் பிள்ளைகள் தங்கியிருக்க விடுதி எங்க இருக்கு?" என்றுதான் கேட்டார். மறுநாள் விடுதிக்கே போய் எல்லோருக்கும் பரிசோதனை எடுத்தார்கள். கடைக்குச் சீல் வைத்தது அதற்கு அடுத்த நாள்.